பூண்டிக்கென்று போட்ட ஜெட்

அப்பா பழனிக்கு வந்த பிறகு அவருடைய வண்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அம்மா அப்படித்தான் சொல்வாள். நெஞ்சு நோய் என்று பூண்டியிலிருந்து நாங்கள் கீழே இறக்கிக்கொண்டு வந்தது அப்பாவை. வந்த கொஞ்ச நாளில் அவர் தேறினார். வண்டி படுத்துக்கொண்டது.

அப்பா பெயர் சின்னச்சாமி. கொடைக்கானலுக்கும் மேலே, மன்னவனூரைத் தாண்டிப் போனால் வரும் பூண்டியில் கேரட்டும் வெள்ளைப்பூண்டும் போட்டவர். வெள்ளைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். புகை பட்டால்தான் அடுத்த விதைப்பு வரை கெடாமல் இருக்கும். அந்தப் புகைக்கு நடுவிலேயே அப்பா வாழ்ந்தார். போதாததற்குப் பீடி வேறு. குளிரிலும் உயரத்திலும் இவர் இனி இருக்கவே கூடாது என்று திண்டுக்கல்லில் டாக்டர் சொல்லிவிட்டார். நான் பழனியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அடிவாரத்துக்குப் பக்கத்தில் வீடு. அம்மா வேலுத்தாயும் அப்பாவும் என்னோடு வந்தார்கள். தோட்டத்தைத் தம்பி பிரசாந்த் பார்த்துக்கொண்டான்.

அப்பாவிடம் நாங்கள் உள்ளதைச் சொல்லவில்லை. பனிக்காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். வண்டியையும் கொண்டு வந்தால்தான் வருவேன் என்றார். கேரட் ஏற்றி வந்த லாரியில் மூட்டைகளுக்கு நடுவே அதுவும் இறங்கியது.

நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் வாங்கிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது. சிவப்பு டேங்க் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பனி நாட்களில் அது லேசில் கிளம்பாது. ராத்திரி முழுக்க மூட்டம் இறங்கி எல்லாம் நனைந்து கிடக்கும். அப்பா எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதை அடுப்போரம், வரக்காப்பிச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள். பூண்டியில் வண்டி வைத்திருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். காப்பி கொதிக்கும்போது பிளக்கும் சுட்டிருக்கும். அப்பா காப்பியை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, பிளக்கைத் துணியில் பிடித்துக்கொண்டு ஓடுவார். சூடு ஆறுவதற்குள் மாட்டி உதைத்தால் எடுத்துவிடும். இன்றைக்கும் எங்காவது பெட்ரோல் வாடை வந்தால் எனக்குக் காப்பி ஞாபகம் வருகிறது.

கொடைக்கானலில் நான் ஆஸ்டலில் தங்கிப் படித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கூட்டிப்போக வருவார். மூட்டத்தில் வாசல் கேட்டே தெரியாது. ஆனால் ஏரிப் பக்கம் வண்டி திரும்பும்போதே சத்தம் வந்துவிடும். "உன் டாடி வந்தாச்சு" என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்குவேன். அப்பாவின் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் பூம்பாறை வரை கண்ணைத் திறக்க மாட்டேன்.

பழனியில் அந்தச் சத்தமே மாறிப்போனது. உதைத்ததும் எடுக்கும். தெருமுனை வரை ஒழுங்காகப் போகும். கொஞ்சம் முறுக்கினால் திணறும், கார்புரேட்டர் பக்கம் பட் பட்டென்று தும்மும். நிறுத்தினால் எஞ்சின் பக்கம் கால் வைக்க முடியாது, அவ்வளவு சூடு.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் சிவமுருகனிடம் கொண்டுபோனோம். நாற்பது வயதுக்காரர். பழைய வண்டி என்றால் மற்ற சோலியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"அண்ணே, சோக்கை இழுத்தா நல்லா ஓடுது, விட்டா திணறுது. பெட்ரோல் பத்தலை. கார்புரேட்டரைக் கழட்டிருவோமா?"

"அத விடுய்யா" என்றார் அப்பா. "போன மாசம்தான் நான் கழுவினேன். கரண்டுலதான் கோளாறு. பிளக்கைப் பாரு."

சிவமுருகன் பிளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. "இது பெட்ரோல் கம்மியா எரிஞ்ச கலர்ண்ணே."

"புது பிளக் போடு."

புது பிளக் போட்டார். மாறவில்லை. அடுத்தது பொறியைப் பார்க்கச் சொன்னார் அப்பா. பிளக்கை எஞ்சின்மேல் படுக்க வைத்து உதைத்தார்கள்.

"மஞ்சளா வருது பாத்தியா? கண்டென்சர் போச்சு."

"நீலமாத்தாண்ணே வருது."

"ஏலே, ஒனக்குக் கண்ணுல கோளாறு."

கண்டென்சர் மாறியது. பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளி வைத்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் காயிலையே மாற்றினார்கள். தும்மல் நிற்கவில்லை. கார்புரேட்டர் பக்கம் ஸ்பேனர் போகும்போதெல்லாம் அப்பா வேறு ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவார். சிவமுருகன் என்னிடம், "உங்க அப்பா எனக்கு வண்டி வேலை காட்டல மேடம், போக்குக் காட்டறாரு" என்றார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

சித்திரை மாதம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் கிளம்பினார். சத்திரப்பட்டி தாண்டி நேர் ரோடு. நல்ல வெயில். கொஞ்சம் வேகமாகத்தான் போயிருக்கிறார். எஞ்சின் சட்டென்று இறுகி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு தேய்ந்தது. அப்பா கிளட்சைப் பிடித்ததால் இருவரும் விழாமல் தப்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொரிந்துவிட்டாள். "பட்டுச்சேலையோட ரோட்டோரம் நிக்கேன். போற பஸ்ஸுல இருக்கவன் பூரா எட்டிப் பாக்கான். இவரு என்னைக் கேக்காரா? எஞ்சினைத் தடவிக் குடுத்துக்கிட்டு நிக்காரு!"

"ஒனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றார் அப்பா.

சின்ன லாரியில் வண்டி பட்டறைக்குப் போனது. நல்லவேளையாகப் பிஸ்டனில் லேசான கீறல்தான். சிவமுருகன் அதைத் தேய்த்துச் சரிசெய்தார். அப்புறம் இந்த முறை யாரையும் கேட்காமல் கார்புரேட்டரைத் திறந்தார். அதற்குள்ளே ஊசித்துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. அதுதான் ஜெட். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று அளந்து விடுவது அந்தத் துளைதான். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மலை ஜெட்டாச்சேண்ணே!"



எனக்குப் புரியட்டும் என்று சிவமுருகன் சொன்னார். மேலே காற்று லேசு. கம்பெனி ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் மிஞ்சி, பிளக் கருத்து, வண்டி ஏற்றத்தில் மூச்சு முட்டும். அதனால் மேல்மலைக்காரர்கள் துளை சிறியதாக உள்ள ஜெட் போட்டுக்கொள்வார்கள். அதே ஜெட்டோடு கீழே வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைச்சல். எஞ்சின் காய்ந்துபோய் ஒருநாள் இறுகிவிடும்.

"தெரிஞ்சேதான் என்னைக் காயில் மாத்த வச்சீங்களா?"

"பூண்டிக்குன்னு போட்டது அது" என்றார் அப்பா. "நான் போட்டது."

"பெரிய ஜெட்டு எங்கிட்ட கெடக்கு. வெரசா மாத்திருவேன். இன்னொரு தடவை இறுகினா பிஸ்டன் மிஞ்சாதுண்ணே. அண்ணியும் எப்பவும் தப்பிக்க மாட்டாங்க."

"வேணாம்."

"ஏண்ணே?"

"பனி முடிஞ்சு மேல போறப்ப மறுபடி யாரு மாத்திக்கிட்டு இருக்கது?"

சிவமுருகன் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பனி முடிந்து வெகு நாளாகியிருந்தது. நான் தரையில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா ஜெட்டை வாங்கி, சட்டை நுனியில் துடைத்து, தானே பழைய இடத்தில் முடுக்கினார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அத மாத்தச் சொல்லி நீ மல்லுக்கு நிக்காத. மாத்துனா மேல போறது இல்லன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். டாக்டர்ட்ட கேட்டு ஒரு தடவை கூட்டிட்டுப் போ. நாம சொல்லி என்னாகப் போவுது? அவரா பாக்கட்டும்."

ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது, உறிஞ்சும் மருந்து கையிலேயே இருக்கவேண்டும் என்று டாக்டர் அனுமதித்தார். பஸ்ஸில் போகலாம் என்றதை அப்பா காதில் வாங்கவே இல்லை. கிளம்பும்போது சிவமுருகன் வந்து, "பெருமாள்மலை நெருங்கற வரைக்கும் சோக்கு பாதி இழுத்தே இருக்கட்டும். முறுக்காதீங்க. சூடு ஏறுனா நிறுத்திருங்க" என்றார். வெள்ளனே கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

மலை ஏறத் தொடங்கிய பிறகு வளைவுக்கு வளைவு நின்றோம். எஞ்சின் ஆறும்வரை அப்பா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பார். கீழே வரதமாநதி அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரித் தெரிந்தது. மேலே போகப்போக வெயில் தணிந்தது. ஓரிடத்தில் வண்டி புகை கக்கி, விட்டு விட்டு அடித்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா சிரித்தார்.

"பெட்ரோல் கூடிருச்சு. இனி இதுக்குச் சோக்கு வேணாம்." கையை நீட்டிச் சோக்கை உள்ளே தள்ளினார்.

சத்தம் தெளிந்துவிட்டது. ஆஸ்டல் படியில் நின்று கேட்ட அதே சத்தம். தும்மல் இல்லை, திணறல் இல்லை. "பாத்தியா, இதுக்கு ஒண்ணும் இல்ல!" என்று தலையைத் திருப்பிக் கத்தினார். கத்தியதில் இருமல் வந்தது. நான் அவர் முதுகில் கையை வைத்திருந்தேன். உள்ளே ஏதோ கரகரவென்று இழுபடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பூம்பாறைக்கு மேலே இருமல் அடிக்கடி வந்தது. வண்டி நன்றாக ஏறியது.

பூண்டியில் மறுநாள் காலை எதிர்வீடு தெரியாத மூட்டம். நான் எழுந்து வந்தபோது அப்பா பிளக்கோடு சமையலறையில் நின்றார். விறகடுப்பு இருந்த இடத்தில் இப்போது கேஸ் அடுப்பு. இடுக்கியில் பிளக்கைப் பிடித்துத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்.

"டீ போடணும்ப்பா. அடுப்ப விடுங்க" என்றான் பிரசாந்த்.

"ஒன் டீ எங்க ஓடிரப் போவுது?"

வெளியே போய் பிளக் மூடியின் உள்பக்கத்தையும் வயரையும் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிளக்கை மாட்டினார். பெட்ரோலைத் திறந்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஒரு உதை உதைத்தார். இன்னொன்று உதைத்தார். அடுத்ததற்குக் காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். வண்டியில் சாய்ந்து, பிறகு மெல்ல வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நான் மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். பேச்சு வருவதற்கு நேரமானது.

"நீ உதை" என்றார் பிரசாந்திடம்.

அவன் உதைத்ததும் எடுத்துவிட்டது. மூட்டத்துக்குள் அந்தச் சத்தம் தோட்டங்கள் வரை போனது. அப்பா கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் அணைக்கச் சொல்லவில்லை.

"நீயே வச்சிக்க" என்றார்.

"எனக்கு எதுக்குப்பா? ஸ்கூட்டர் இருக்குல்ல."

"ஒன் ஸ்கூட்டரு மேலத்தோட்டத்துக்கு மூட்டை ஏத்திட்டு வருமா? மழை பேஞ்சா ரோட்டோரமே நிக்கும் அது."

"சரி, அப்புறம் இறங்கறப்ப எதுல போவீங்க?"

"பஸ் இல்லையா?"

பிரசாந்த் என்னைப் பார்த்தான். அப்பா எழுந்து கார்புரேட்டர் பக்கம் குனிந்து, "இதை மட்டும் எவன்ட்டயும் மாத்தக் குடுத்துறாத. இங்கனக்கு இதுதான் சரி" என்றார்.

கொடைக்கானலில் பஸ் மாறி, பழனி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"விட்டுட்டு வந்துட்டேன். அதுக்கு இங்கன ஒத்துக்கல."

"ஒங்களுக்கு?"

"அங்கன ஒத்துக்கலையே." செருப்பைக் கழற்றப் போனவர் கழற்றவில்லை. "அடிவாரம் வரைக்கும் நடந்துட்டு வாரேன். வந்து இத்தனை மாசம் ஆச்சு, எந்தத் தெரு எங்க போவுதுன்னு ஒண்ணும் தெரியல."

"இப்பத்தானே வந்தீங்க? காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"போட்டு வையி."

மெதுவாக நடந்தார். பூக்கடை முன்னால் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அப்புறம் கூட்டத்தோடு அடிவாரத்துப் பக்கம் திரும்பிப் போனார்.