குனியாமல் ஒரு பிளக்

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கு முன் ஜாக்கி மூன்று தடவை "சரி" சொல்வார். முதல் சரி முதுகுக்கு, அடுத்தது முட்டிக்கு, கடைசிச் சரி தனக்கு. அப்புறம்தான் ஆள் எழுவார், அதுவும் எதையாவது பிடித்துக்கொண்டு.

நாற்பது வருஷமாக மெக்கானிக். ஊர் வண்டிகளையெல்லாம் தூக்கி நிறுத்தியதால் தெருவே வைத்த பெயர் ஜாக்கி. இப்போது இடுப்பு விட்டுப்போயிற்று. இனி குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெக்கானிக்கிடம் சொல்லுகிற பேச்சா அது!

வாசலில் நிற்கும் அவருடைய பிக்கப் வண்டிக்கும் வயதாகிவிட்டது. காலையில் பத்து நிமிஷம் எஞ்சினுக்குள் தலையை விட்டுக் கொஞ்சினால்தான் கிளம்பும். "உங்களையும் இதையும் சேர்த்து என்னால பாத்துக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வாங்குற ஆள் போன் பண்ணுவாரு, குடுத்துடுவோம்" என்றார் மனைவி.

"குனியாம வேலை பாத்துக் காட்டினா?" என்றார் ஜாக்கி.

"காட்டுங்க, பாப்போம்."

அன்றே ஆரம்பித்தார். எஞ்சினை மூடும் பானெட், இரண்டு மட்கார்டு, முன்பக்கக் கிரில் எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெல்டு வைத்தார். அடியில், முன்முனையில் கீல். பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் மொத்த முகப்பும் முன்னால் சாயும். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கீலைத் தரையில் மல்லாந்து படுத்தே பற்றவைத்தார். கேட்டால், குனியவில்லையாம்! ஒரு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் படுக்கை. உட்கார அடுப்படி முக்காலியை மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். "என் முட்டி அதை நம்பித்தான் இருக்கு. தொட்டீங்க, தெரியும் சேதி" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை முகப்பைத் தூக்கினால், பாதியில் 'டொங்' என்று நின்றது. படுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று பம்பரைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுத்திருக்கிறார் மனிதர்! திரும்ப மாட்டியதும் கிரில் அதில் போய் முட்டுகிறது. பம்பரே வேண்டாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எவனாவது வந்து இடிச்சா நீங்களா வாங்கிக்குவீங்க?" என்றார் ஜாக்கி. கீலை அறுத்து, நான்கு விரல் முன்னால் தள்ளி மறுபடி வைத்தார். சனிக்கிழமை முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டார்.

ஞாயிறு காலை மனைவி வாசற்படியில் வந்து நின்றார். ஜாக்கி ஒரு கையால் தூக்கினார். முகப்பு பம்பரைத் தாண்டிச் சாய்ந்து, விழாமலிருக்க அவர் கட்டியிருந்த சங்கிலியில் நின்றது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரை நீட்டினார். வாளி தாழ்வு, எஞ்சினிலிருக்கும் ஸ்பார்க் பிளக் எட்டவில்லை. எழுந்தால் குனிந்தாக வேண்டும். பாவம், முகம் தொங்கிப்போயிற்று.

உள்ளே போன் அடித்தது. மனைவி திரும்பி உள்ளே போனார்.

"சரி" என்றார் ஜாக்கி. கொஞ்சம் பொறுத்து, "சரி."

மூன்றாவது சரி வருவதற்குள் மனைவி வந்துவிட்டார். போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அடுப்படி முக்காலியை டயருக்குப் பக்கத்தில் போட்டு, ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.