கடலில்லாத ஊரில் ஐந்து நாள்

எங்கள் பக்கத்து மனிதர்கள் கடலுக்குச் சும்மா போகமாட்டார்கள். அஸ்தி கரைக்கப் போவார்கள், ஆடி அமாவாசைக்கு முழுகப் போவார்கள். முழுகிவிட்டுத் தலை காய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், திருக்கோகர்ணத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "இந்த லீவுக்கு நாம மூணு பேரும் கடற்கரைப் பக்கம் போய் அஞ்சு நாள் தங்கிட்டு வருவோம்" என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. அமாவாசையும் இல்லை. அப்படியானால் என்னை யாரோ மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடு.

எனக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். குடுமியான்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் சேரச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. அதை நாளைக்கு நாலு தடவை எடுத்துப் படித்துவிட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைப்பேன். என்னோடு படித்த ஒருத்திக்கும் இப்படித்தான் ஆர்டர் வந்தது. மாமா வீட்டுக்கு என்று சொல்லி மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அந்த வாரமே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். அவள் வேலை அதோடு போயிற்று.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று இப்போது என் பேத்திகள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் அப்பாவிடம் போய் "எனக்குக் கல்யாணமா?" என்று கேட்பது, பண்ணிவையுங்கள் என்று கேட்பதற்குச் சமம். அதனால் வாயை மூடிக்கொண்டு வேவு பார்த்தேன்.

எந்த ஊரில் தங்குவது என்ற பேச்சு ஆரம்பித்தது. அம்மா மீமிசல் என்றாள். மீன் கரைக்கு வந்த சூட்டோடு வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்பது அவள் கணக்கு.

"மீமிசல் வேணாம். அங்க நம்மகிட்ட படிச்ச பையன் வாத்தியாரா இருக்கான்."

"இருந்தா நல்லதுதானே? வீடு பாத்துக் குடுப்பான்ல?"

"வேணாம்னா விடேன்."

கோட்டைப்பட்டினமும் வேண்டாமாம், அங்கே தபால் ஆபீசில் ஒரு பழைய மாணவன். மணமேல்குடியில் ஒரு மாணவன் கம்பவுண்டராக இருக்கிறானாம், அதுவும் வேண்டாம். அப்பா ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். பழைய மாணவன் எவனையாவது வழியில் கண்டால் கையில் இருக்கிற காய்கறிப் பை கனப்பதுகூடத் தெரியாமல் அரை மணி பேசுகிறவர். அப்படிப்பட்டவர் மாணவர்கள் இருக்கிற ஊரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? தெரிந்தவர் கண்ணில் படாமல் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

கடைசியில் அறந்தாங்கி என்று முடிவாயிற்று.

"அறந்தாங்கியில ஏதுங்க கடல்?" என்றாள் அம்மா.

"தங்குறது அங்க. பஸ்ஸப் புடிச்சா ஒரு மணி நேரத்துல கடல்."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம். கடல் பார்க்கப் போகிறவர் கடல் இல்லாத ஊரில் வீடு பிடிக்கிறார். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. ஜில்லா விட்டு ஜில்லா தள்ளிவிடப் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் குமைந்தேன். போதாக்குறைக்கு அப்பா புது வேஷ்டி எடுத்தார், முடி வெட்டிக்கொண்டார். அம்மா என் அரக்குப் பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "வெளியூர் போறோம்ல?" என்றாள். நான் ஆர்டரை எடுத்து என் பைக்குள் செருகிக்கொண்டேன்.

அறந்தாங்கியில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்கட்டு கிடைத்தது. போய்ச் சேர்ந்த அரைமணிக்குள் வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் படிச்சிருக்கே? சமையலெல்லாம் வருமா?" என்றார். அவருக்கு ரைஸ் மில்லில் கணக்கெழுதும் மகன் ஒருவன் இருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து அப்பாவோடு வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினான். நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா உள்ளே வந்து, "நாளைக்கு அஞ்சரை மணி பஸ். வெள்ளனே போயிட்டா ஆள் கூட்டம் இருக்காது" என்றார். அம்மா பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்தாள்.

அக்குளில் சின்ன வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு படுத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூட நாளிலேயே எல்லாருக்கும் தெரியும். உண்மையில் சுடுமோ என்னவோ. அடுப்படிக் கூடையிலிருந்து மூன்றை எடுத்து இடுக்கிக்கொண்டு, விடிகாலையில் போர்வைக்குள் முனகினேன். மே மாத வெக்கையில் போர்வை போர்த்திக் கிடந்தால் யாருக்குத்தான் சுடாது? அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டியிருந்த புது வேஷ்டியை அவிழ்த்து வைத்தார்.

மறுநாள் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப நாளைக்குப் போகலாம்" என்றார். உடனே மறுபடி காய்ச்சல் வந்தது. இப்படியே போயிற்று. "நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன், நான் புள்ளையப் பாத்துக்கிறேன்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். "சொகமில்லாத புள்ளைய இங்கிட்டுப் போட்டுட்டா?" என்று அவர் ஈரத்துணியைப் பிழிந்தார். அதைக்கூட நான் நம்பவில்லை. பெண் இல்லாமல் தனியாகப் போய் என்ன பண்ணுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரம்மா சுக்குக் கசாயம் கொண்டுவந்தபோது, சாமர்த்தியமாகத் தப்பிக்கிறோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஐந்தாம் நாள் கிளம்பினோம். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலை இருந்தது. வீட்டுக்காரம்மா என்னிடம், ஆவணியில் மகனுக்குக் கல்யாணம், பெண் தன் அண்ணன் மகள்தான், அவசியம் வரவேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரி, அவன் இல்லாவிட்டால் கடற்கரையில் வேறு எவனாவது காத்திருந்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

காரைக்குடியில் ரயில் நின்றது. அப்பா கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினார். அம்மா ஜன்னல் வழியாக அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி. வந்ததுக்குப் பாக்காமலே போறாரு."

"யாரை?"

"யாரையா? கடலைத்தான். ஒங்கப்பா இதுவரைக்கும் கடலைப் பாத்ததே இல்ல, தெரியுமா? ஒங்க தாத்தா அஸ்தியைக்கூடப் பெரியப்பாதானே போய்க் கரைச்சாரு. போன வருசம் ஒரு பய எந்திரிச்சு, அலை எப்படி சார் சத்தம் போடும்னு கேட்டானாம். புஸ்தகத்துல இருக்கிறதச் சொல்லி ஒப்பேத்திட்டாராம். அன்னிலேருந்து அவருக்கு மனசே சரியில்ல. தன்கிட்ட படிச்ச பயலுக முன்னாடி போய் ஆன்னு பாத்துக்கிட்டு நிக்க வெக்கம். அதான் அறந்தாங்கி, அதான் மொத பஸ்ஸு."

"எனக்கு மாப்பிள்ளை பாக்கத்தான் வந்தோம்னு நெனச்சேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மாப்பிள்ளையா? நல்லா இருக்கு! நான்தான் பாக்கணும் பாக்கணும்னு நச்சரிச்சேன். அது வேலைக்குப் போகட்டும்னு சொல்லி, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு ஒனக்கு ஆர்டர் வாங்கினதே அவருதான். சொன்னா நீ கூச்சப்படுவேன்னு சொல்ல வேணாம்ட்டாரு."

அப்பா கூஜாவோடு ஓடிவந்து ஏறினார். "மொத நீ குடிம்மா. காய்ச்ச அடிச்ச ஒடம்பு" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன். வெங்காயத்தைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன், சொல்லவில்லை. உடம்பு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்.

ஜூனில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். லீவு நாளில்கூடப் பஸ் ஏற அவருக்கு நேரம் இல்லை. அடுத்த ஏப்ரலில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மே மாதம் எனக்கு லீவு விட்டதும், "அப்பா, கெளம்புங்க. எந்த ஊரு வேணும்னு நீங்களே சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இருக்கட்டும்மா. இனிமே பாத்து யாருக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்?"