சொன்னது அம்மன் இல்லை

என் கனவில் அம்மன் வரவே இல்லை. புடவை கட்டிப் பார்க்க ஆசைப்பட்டவன் நான்தான். அந்த ஆசை வெளியே தெரியாமல் இருக்க, அம்மன் பெயரைச் சொல்லி ஒரு பையனை ஊரை விட்டே துரத்தினேன்.

முகத்தைச் சுளிக்கிறீர்களா? நன்றாகச் சுளியுங்கள். உங்களைப் போன்றவர்கள்தானே என் காலில் விழுந்து குங்குமம் வாங்கியவர்கள்.

பாகூர் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் பிழைத்துப்போனது. தொந்தி முன்னால் போகும், நான் பின்னால் போவேன். மீசை உண்டு, பெண்டாட்டி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆண் என்பதற்கு எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் சாட்சி கேட்பதில்லை.

மாசியில் மயானக் கொள்ளை வரும். வேண்டுதல் உள்ள ஆண்கள் அங்காளம்மன் வேடம் கட்டிச் சுடுகாடு வரை ஆடிப் போவார்கள். "ஆத்தா கனவுல வந்து கேட்டா" என்று ஒரு வருடம் நானும் எடுத்துவிட்டேன். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆடும்போது நான் சொல்வதே ஆத்தா வாக்கு என்றும் ஆனது.

அன்று முதல் வருடத்துக்கு ஒரு நாள் மீசை போய்விடும். சிவப்புப் பட்டு, கை நிறைய வளையல், கண்மை. என் மனைவி வள்ளி கொசுவம் வைத்துவிட்டு, "உரிச்ச கோழியாட்டம் கீற" என்பாள். இருக்கட்டும். அந்த ஒரு நாள்தான் என் உடம்புக்குள் நான் குடியிருந்தேன்...

மற்ற நாட்களில்? எவனாவது கொஞ்சம் நளினமாக நடந்து போனால், டீக்கடையில் அதே நடையை நடந்து காட்டுவேன். ஊரைச் சிரிக்க வைத்து ஓசி டீ குடித்தவன் நான்.

பக்கத்து வீட்டு பலராமன் மகன் தேவா. மூலக்குளத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை. ஒரு நாள் மூக்குத்தி குத்திக்கொண்டு, நகத்தில் கறுப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். விடுவேனா?

"இன்னாடா தேவா, எப்ப மாப்ள பாக்கறது ஒனக்கு?"

"பாருண்ணே. ஒன்னாட்டம் தொப்ப வச்சவன் மட்டும் வாணாம்."

கடையே என்னைப் பார்த்துச் சிரித்தது. அவன் நிதானமாக டீயை ஆற்றினான்.

"ஆம்பளதாண்ணே நானு. மூக்குத்தி போட்ட ஆம்பள. அதுக்கு இன்னா இப்ப?"

அதுக்கு இன்னா... எனக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தால், அம்மனை எதற்குக் கூப்பிட்டிருப்பேன்?

பிறகு ஒரு நாள், நான் டிராக்டர் கழுவும்போது தனியாக வந்தான்.

"அண்ணே, ஆத்தா நெசமாவே கனவுல வந்தாளா?"

"இன்னாடா கேள்வி இது?"

"போன வருசம் அல்லாரும் வேசத்த கலைச்சிட்டாங்க. நீ மட்டும் அந்தப் பட்டுப் பொடவயத் தடவிக்கினே ஒக்காந்திருந்த. புடிச்சிருந்தா சும்மா கட்டிக்கயேண்ணே. ஆத்தாவ எதுக்கு இழுக்கற?"

அவன் மிரட்டவில்லை. தனக்குத் துணையாக ஒருவன் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டுச் சொன்னான். அது இன்று புரிகிறது. அன்றோ, இவன் ஊரில் இருக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் ஊரில் பேச்சு முற்றிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தேவாவை ஏரிக்கரையில் வைத்து அடித்தார்கள். பையனை வெளியே அனுப்பு என்று பெரியவர்கள் பலராமனை நெருக்கினார்கள். அவர் மாசிவரை தவணை கேட்டார். ஆத்தா என்ன சொல்கிறாளோ, அதைச் செய்கிறேன் என்றார்.

ஆத்தா யார்? இந்தத் தொந்திக்காரன்.

ஊர்வலத்தில் வேப்பிலையோடு நான் ஆடிக்கொண்டிருக்கையில், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றார் பலராமன்.

"தாயே, எம்புள்ளய ஊரு ஒரு மாதிரி பேசுது. எப்டி இருந்தாலும் அவன் எம்புள்ள. ஒரு வார்த்த சொல்லு தாயே, ஊரு வாய மூடிக்கும்."

ஒரே ஒரு வார்த்தை. 'அவன் என் பிள்ளை' என்றிருந்தால் முடிந்தது. அடித்தவன்கூட அவன் காலில் விழுந்திருப்பான். தேவா என்னைப் பயமில்லாமல் பார்த்தான். நான் காப்பாற்றுவேன் என்று நம்பினான், முட்டாள்.

உடம்பைக் குலுக்கினேன். கண்ணை உருட்டினேன்.

"என் எல்லையில அவன் இருக்கக் கூடாதுடா. அனுப்பு."

பலராமன் மண்ணில் விழுந்து கும்பிட்டார். தேவா விழவில்லை. என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "பட்டு நல்லா கீதுண்ணே."

போய்விட்டான். பெங்களூரோ, ஓசூரோ... அவனுக்குப் போன் போட்டால் போகவில்லை.

என் பெருமை ஏறிவிட்டது. ஆத்தா வாக்கு கறார் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் இப்போது வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பலராமனும் ஒவ்வொரு மாசியும் வந்து நிற்கிறார்.

"எம்புள்ள வருவானா தாயே?"

"வருவான்" என்கிறேன்.

உண்மையைச் சொல்லலாம். அவர் கையைப் பிடித்து, மாமா, அன்றைக்குப் பேசியது நான்தான், போய்ப் பிள்ளையைத் தேடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கிழவர் இன்றே பஸ் ஏறிவிடுவார். ஆனால் அப்புறம் எனக்குப் புடவை கிடையாது.

வரும் மாசிக்கு மயில் கழுத்து நிறத்தில் புதுப்பட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.