மூன்றாம் பக்கம்

அந்தத் தெருவில் தையல்கார அக்காவைத் தெரியாத வீடு கிடையாது. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சீருடை அவள் கையால்தான். அதனால்தான் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி தனியார் மின் கம்பெனிக்காரர் ஒருவர் அவளைத் தேடி வந்தார்.

நகராட்சி மின் அலுவலகத்தின் மேல் அவளுக்கும் கடுப்பு இருந்தது. பள்ளி திறக்கிற வாரத்தில் மூன்று நாள் மின்சாரமில்லாமல் மெஷின் சும்மா கிடந்தது. போன் பண்ணினால் எடுக்க நாதியில்லை. 'வீட்டுக்கு வீடு சோலார்' என்று கொட்டை எழுத்தில் போட்ட மனுவை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், ஊர் மின்கம்பிகள் இருபது வருஷத்துக்குக் கம்பெனி வசம் போகும், அதன் அனுமதியில்லாமல் எந்த மாடி பேனலுக்கும் இணைப்பு கிடையாது என்றிருந்தது. படித்தாள். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

யாரும் கேட்கவில்லை. "நீ கொண்டு வந்தா சரியாத்தான் இருக்கும்" என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவைக் காட்டியே கம்பெனியோடு ஒப்பந்தம் போட நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது.

எதிர்வீட்டு அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆசை ஆசையாக மாடியில் பேனல் மாட்டினார். ஐந்து மாதமாகியும் அனுமதி வரவில்லை. "வெயில் வாங்க மாட்டினது, இப்ப நிழல் குடுக்குது" என்று அண்ணி அதன் கீழே வற்றல் காயப்போட முடியாமல் அலுத்துக்கொண்டாள்.

ஒருநாள் சட்டைக் காலர் திருப்பித் தைக்க வந்த அண்ணன் சொன்னார்: "உன்னைச் சொல்லிக் குத்தமில்லம்மா. எங்கள மாதிரி நீயும் ஏமாந்துட்ட."

ஆறுதலாகச் சொன்ன பேச்சுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"நான் ஏமாறலண்ணே. மூணாம் பக்கத்தப் படிச்சேன். தெரிஞ்சுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

அவர் மெஷின் மேலிருந்த சட்டையைக் கையில் எடுத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு தெரியும்ணே."

சட்டையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அதே வீடுகளுக்கு, அனுமதி விதியை நீக்கக் கேட்கும் புது மனுவோடு போனாள். நடந்ததைச் சொன்னாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மா மகளின் பாவாடையைப் பாதித் தையலோடு திருப்பி வாங்கிக்கொண்டார். முன்பு கிடைத்ததில் பாதிக் கையெழுத்துகூடத் தேறவில்லை. நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து, "மறைச்சு கையெழுத்து வாங்கினது நான்தான்" என்றாள்.

ஒப்பந்தம் ரத்தாகவில்லை. முப்பது நாளில் அனுமதி தந்தாக வேண்டும் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள். அடுத்த மாதமே அண்ணன் வீட்டுப் பேனல் ஓடத் தொடங்கியது.

அண்ணி அக்காவிடம் பழையபடி பேசுகிறாள். அண்ணன் சட்டை கிழிந்தால் இரண்டு தெரு தள்ளிப் போகிறார். போகிறவரைக் கூப்பிட வேண்டும்போல் அக்காவுக்கு இருக்கும். தலையைக் குனிந்து மெஷினை மிதிப்பாள்.