ஜனகராஜ் அண்ணன் தேடிய பழுது

உசிலம்பட்டி சந்தையில் எலெக்ட்ரானிக் தராசு மக்கர் செய்தால் ஜனகராஜ் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். மதுரைக்காரர், சௌராஷ்டிரர், ஐம்பத்தாறு வயது. ஒரு கிராம் தப்பினாலும் தராசைத் திருப்பித் தரமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். பள்ளியில் இயற்பியல் வாத்தியாரான எனக்கும் அதே கிறுக்குதான். ஞாயிறு காலைகளில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு வறண்ட கண்மாயில் இருவரும் பறக்கவிடுவோம். பழகிப் பதினோரு வருஷம்.

ஆறடி இறக்கையோடு ஒரு விமானத்தைப் பதினான்கு மாதம் இழைத்து இழைத்துச் செய்தார். போன தையில் வேலை முடிந்தது. பறக்கத்தான் முடியவில்லை. காரணம் சர்வோ. வாலிலும் இறக்கையிலும் இருக்கிற மடல்களை அசைக்கும், தீப்பெட்டி அளவு மோட்டார் அது. ரிமோட்டில் ஸ்டிக்கை நகர்த்தினால் நகரும், விட்டால் அசையாமல் நிற்க வேண்டும். அண்ணனின் வால் சர்வோ நிற்காமல் துடித்தது.

"இந்தத் துடிப்ப நிப்பாட்டாம இத மேல ஏத்த மாட்டேன்டா காசி" என்றார்.

தேடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சர்வோவை மாற்றினார். வயர்களை முறுக்கி, மூக்கில் இருக்கிற விசிறி மோட்டாரை விட்டுத் தள்ளிக் கட்டினார். ரிமோட் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குத் தனி பேட்டரி கொடுத்தார், பிறகு ரிசீவரையே மாற்றினார். ரிமோட்டைக் கீழே வைத்தால் துடிப்பு நின்றது. கையில் எடுத்தால் வந்தது. "ஸ்டிக்குக்கு அடியில தேஞ்சிருக்கு. கை பட்டதும் காட்டிக்குடுக்குது பாரு" என்று அந்தப் பாகத்தையும் வரவழைத்து மாற்றினார்.

எனக்கு மாசியிலேயே தெரிந்துவிட்டது. டீ குடிக்கும்போது பார்த்தேன். தொடைமேல் சும்மா வைத்திருந்த வலது கையில் கட்டைவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள எல்லா மெஷினையும் சந்தேகப்படுகிற மனுஷனுக்குத் தன் கைமேல் சந்தேகமே வரவில்லை.

ஊர் வம்பெல்லாம் பேசுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து வாயில் கொழுக்கட்டை. சொன்னால் ரிமோட்டையே தொடமாட்டாரே என்று பயந்தேன். அவருக்காகப் பயந்தேனா, என் ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்று பயந்தேனா? இரண்டும்தான்.

சித்திரையில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ரிமோட்டின் செட்டிங்கைத் திறந்து, ஸ்டிக் நடுவில் கொஞ்சம் அசைந்தாலும் சர்வோ கண்டுகொள்ளாதபடி மாற்றிவைத்தேன். அவர் வந்து ரிமோட்டை எடுத்தார். வால் அசையாமல் நின்றது.

"நின்னுருச்சுடா காசி! புதுப் பாகம் பதிஞ்சு உக்கார இம்புட்டு நாளாகியிருக்கு!"

குழந்தை மாதிரி சிரித்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் பாஷையில் மனைவி அலர்மேல்மங்கையிடம் என்னென்னவோ சொன்னார். எனக்கு 'சர்வோ' மட்டும்தான் புரிந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவன்.

அடுத்த ஞாயிறு மதினியும் பார்க்க வந்தார். விமானம் கண்மாய்க்கு மேல் எட்டு நிமிஷம் அழகாகச் சுற்றியது. இறக்கும்போதுதான் வினை. தரைக்குப் பக்கத்தில் வேண்டியது நூலளவு அசைவு. அந்த நூலளவைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன். மூக்கு சாய்ந்தது, அண்ணன் லேசாக இழுத்தார், வால் கேட்கவில்லை. பதறி அதிகமாக இழுத்தார். விமானம் செங்குத்தாக எழும்பி, நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் மோதியது. இறக்கை மூன்று துண்டு.

அண்ணன் உடைசலைத் தொடவில்லை. மண்ணில் உட்கார்ந்து ரிமோட்டின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்.

"இத நான் வைக்கலையே."

"நான்தாண்ணே வச்சேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தன் கட்டைவிரலை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மாசியிலேர்ந்துண்ணே."

"ரெண்டு மாசமா நான் தேடுனது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் குடுத்திருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சத்தமே உயரவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் காட்டினார்கள். பார்க்கின்சன், நடுக்க நோய் என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் முன்னாலேயே காட்டியிருக்கலாம் என்றாராம். மதினிதான் போனில் சொன்னார். அண்ணனுக்கு நான் போட்ட போன்களெல்லாம் அடித்து அடித்து ஓய்ந்தன. அந்த ஞாயிறு நேரிலேயே போனேன். மதினி கதவைப் பாதி திறந்தார்.

"தூங்குறாரு தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே அண்ணன் யாரோ ஒரு கடைக்காரரிடம் தராசு பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. மதினிக்கும் கேட்டது.

"சரி மதினி, எந்திரிச்சா வந்தேன்னு சொல்லுங்க" என்று படியிறங்கினேன்.