குப்பைக்கீரைக்கு ஒரு புள்ளி பாக்கி

பால் வாங்கப் போகும் வழியில், தெருமுனையில், கக்கூஸ் கோப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சுவரும் இல்லை, கதவும் இல்லை, கோப்பைகள் மட்டும். பக்கத்தில் உடைந்த குளியல் தொட்டி ஒன்று. எல்லாவற்றிலும் மண், மண்ணில் செடி. ஜெர்மனிக்கு வந்த புதிதில் இதைப் பார்த்திருந்தால் ஊர்ப்பக்கம் போடிக்குப் போன் போட்டுச் சிரித்திருப்பேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது அவற்றுக்கு வணக்கம் சொல்லாத குறைதான்.

வைத்தவள் என் கீழ்வீட்டுக்காரி உல்ரிக்க. அந்த மூலையைக் கார் நிறுத்துமிடமாக்கப் போகிறார்கள். கூடாது என்கிறாள் இவள். கூடாது என்பதற்குக் கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இவள் ஊரார் தூக்கியெறிந்ததையெல்லாம் பொறுக்கி வந்து, தின்னக்கூடிய செடியை அதில் வளரவிட்டு, கலை என்கிறாள். நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். தின்னும் செடி இருந்தால் அது தோட்டம், நிற்கலாம். இல்லாவிட்டால் ‘ஷ்பெர்முல்’, அதாவது லாரியில் அள்ளிப்போகிற பெருங்குப்பை. அவர் வருவதாகச் சொன்ன வாரத்தில் உல்ரிக்கவின் அம்மாவுக்கு வெளியூரில் ஆபரேஷன். “வியாழக்கிழமை வருகிறார். நீ பார்த்துக்கொள், செல்ஃபி,” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

என் பெயர் செல்வி. அவள் வாயில் அது செல்ஃபிதான். ஆனாலும் இந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவள். மற்றவர்களுக்கு நான் மூன்றாம் மாடி. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் யாரும் என்னை நம்பி எதையும் விட்டுப்போனதில்லை. அந்த மூலையைக் காப்பாற்றிக் கொடுத்தே தீருவது என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அதிகாரி வருகிறார் என்றால் என்ன செய்வோம்? ரோட்டின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு விழும். வேலியோரப் புதர் ராவோடு ராவாகக் காணாமல் போகும். நானும் புதன்கிழமை காலை வாளியோடு இறங்கினேன். பார்த்தால் தொட்டி முழுக்கக் களை. உல்ரிக்க எதையோ விதைத்திருக்கிறாள், களை ஏறி மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒன்று செந்தட்டி மாதிரிக் கையில் சுருக்கென்று ஏறியது, களையேதான், சந்தேகமில்லை.

களை எடுப்பதில் என் கை தனியாகவே ஓடும். ராசிங்காபுரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிய வருடங்களில் அம்மாவும் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் போவோம். மலையாளத்து மேஸ்திரி வரப்பில் நின்று, “கள பறிக்கு சேச்சி, வேகம், வேகம்” என்பார். குனிந்தால் மத்தியானக் கஞ்சிக்குத்தான் நிமிர்வது. அந்த வேகத்தில் இங்கேயும் பிடுங்கித் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் எறிய மனம் வரவில்லை, சாட்சாத் குப்பைக்கீரை. வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைக்குமே, அதேதான். தனியாகக் கட்டி வைத்தேன். கோப்பைகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முன்னால் ஒரு கோலமும் போட்டேன். கீழே விதைத்ததாக நான் நினைத்த செடியைத்தான் எங்கேயும் காணோம்.

வீட்டுக்குப் போய்க் கீரையைக் கடைந்து வைத்துவிட்டு, மறுபடி இறங்கி வந்தபோதுதான் தொட்டியோரம் நட்டிருந்த பலகையைப் போனில் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். ‘இங்கே யாரும் எதையும் விதைக்கவில்லை. தானாக முளைத்தவை, எல்லாம் உண்ணத்தக்கவை. தயவுசெய்து பிடுங்க வேண்டாம்.’ என் அண்ணன் பாண்டிக்குப் போன் போட்டேன். தோட்டத்து ஆட்களை ஏற்றியிறக்கும் ஜீப்பு ஓட்டுகிறவன்.

“ஆத்தா, லோடு நிக்குது, வெரசா சொல்லு.”

“அண்ணே, கலையப் பூராப் பிடுங்கிட்டேண்ணே.”

“களையத்தான பிடுங்குன? அதுக்கு எதுக்கு அழுகுற?”

“களை இல்லண்ணே, கலை!”

“என்னத்தா சொன்னதையே சொல்ற?” என்றான். போடிமெட்டு வளைவில் ல-வுக்கும் ள-வுக்கும் அவ்வளவு சிக்னல் கிடையாது. கோப்பை சமாச்சாரம் முழுவதையும் சொல்லி முடித்ததும் கொஞ்சம் யோசித்து, “கக்கூஸ்ல மொளைச்சதையா கடைஞ்சு வச்சிருக்க?” என்றான்.

“நல்லாக் கழுவிட்டேண்ணே.”

“அப்பச் சரி. அந்தாளு வந்தா அதையே காட்டு,” என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அதிகாரி வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தார், கோலத்தைச் சுற்றி நடந்தார். “செடி எங்கே?” என்றார்.

“நேற்று இருந்தது.”

“இன்று?”

என் ஜெர்மன் அதற்கு மேல் போகவில்லை. ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கிவந்து மூடியைத் திறந்தேன். பூண்டும் சீரகமும் தெருவெல்லாம் மணத்தன. அவர் சட்டியையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரண்டி கேட்டார். நின்றபடியே தின்றார். பிறகு பேனாவை எடுத்து, ‘அறுவடை முடிந்தது, தோட்டம்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

உல்ரிக்க திரும்பி வந்து, மொட்டைக் கோப்பைகளைப் பார்த்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டட்டும் என்று நின்றேன். சட்டிக் கதையைச் சொன்னதும், தின்றதுதான் இந்தக் கலையின் சிறந்த பகுதி என்று கட்டிக்கொண்டாள். கீரையின் பெயரைக் கேட்டாள். சொல்லி, அர்த்தமும் சொன்னேன். “உங்கள் மொழியில் குப்பையும் கீரையும் ஒரே சொல்லா!” என்று, நான் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பெரிய கோப்பையில் கறுப்பு எழுத்தில் தீட்டினாள்.

காலையில் போய்ப் பார்த்தால் ‘குபபைககீரை’. புள்ளிகளைப் பேனா கசிந்தது என்று நினைத்துவிட்டாளாம்.

நானே மார்க்கரை எடுத்துப்போய்க் குனிந்து, ப-வின் மேல் ஒரு புள்ளி வைத்தேன். எதிர்வீட்டுக் கிழவர் நாயோடு ஓடி வந்தார். “தொடாதே! அது குன்ஸ்ட்!” குன்ஸ்ட் என்றால் கலை. அது என் மொழி என்றேன். நம்புவதாகத் தெரியவில்லை.

அவர் இப்போதெல்லாம் அங்கேயேதான் நிற்கிறார். தொட்டியில் கீரை மறுபடி தலைகாட்டுகிறது. நான் பால் வாங்கப் போகும்போது மார்க்கரையும் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். இன்னும் ‘குப்பைககீரை’ என்றுதான் இருக்கிறது.