பேனா உள்ளே வராத அறை

பெரிய மனிதர்கள் செத்துப்போனபின் அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் பென்சிலக்காவின் உத்தியோகம். ஆவணக் காப்பகத்தின் இரண்டாம் மாடியில் உயில்கள் வைத்திருக்கும் அறைக்கு அவள் பொறுப்பாளர். சட்டம் எழுதிய தலைவர், பாதித் துறைமுகத்தைக் கையில் வைத்திருந்த கப்பல் முதலாளி, ஊரையே கிறங்கடித்த பாடகி, போரில் ஜெயித்த தளபதி என்று யாரையெல்லாம் தெருமுனையில் சிலையாக நிறுத்தியிருக்கிறார்களோ, அவர்களுடைய கடைசி விருப்பங்கள் எல்லாம் அவளுடைய அலமாரிகளில் படுத்திருந்தன. சிலையில் பார்த்தால் என்ன கம்பீரம்! உயிலில் பார்த்தால் அத்தனை பேரும் நம்மைப் போலத்தான். தன் வெள்ளிக் கரண்டிகள் எக்காரணம் கொண்டும் மூத்த மருமகள் கைக்குப் போகக் கூடாது என்று தலைவர் தனியாக ஒரு பத்தியே எழுதியிருந்தார். பாடகி வீட்டைத் தன் நாய்களுக்கும், நாய்களைத் தன் கணவருக்கும் எழுதிவைத்திருந்தாள்.

அந்த அறைக்குச் சட்டம் இரண்டு. எழுத்தின் மேல் விரல் படக் கூடாது. பேனா உள்ளே வரவே கூடாது. மை சிந்தினால் யாராலும் துடைத்து எடுக்க முடியாது, அதனால் குறிப்பெடுக்க வருகிறவர்களுக்குப் பென்சில்தான். அதிலும் அடியில் இருக்கும் பழைய தாளில் தடம் விழாதபடி மெல்ல எழுத வேண்டும். வருகிறவர்கள் எத்தனை படித்தவர்களாக இருந்தாலும் மறந்துபோய்ப் பேனாவோடு நுழைவார்கள். பென்சிலக்கா ஒரு வார்த்தை பேச மாட்டாள். எதிரே இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வேறு வேலையில் கண்ணை வைத்தபடியே அவர் விரலிலிருந்து பேனாவை உருவித் தட்டில் போட்டுவிட்டு ஒரு பென்சிலைச் செருகிவிடுவாள். பலருக்கு வெளியே போகும்போதுதான் விஷயமே தெரியும். காப்பகத்தில் அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. அவளுடைய கைப்பையில் பேனா இருந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வங்கிக்குப் போனால் பக்கத்தில் நிற்பவரிடம் பல்லைக் காட்டி இரவல் வாங்குவாள்.

கூட்டம் அதிகம் சேர்வது தளபதியின் உயிலுக்கு. பதுங்குகுழியில் உட்கார்ந்து பிஸ்கட் டின் லேபிளின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பென்சிலக்கா நாள் தவறாமல் ஒப்பிப்பாள்.

"பென்சில்ல எழுதினதுதான், ஆனாலும் செல்லும்னு நீதிமன்றம் ஒத்துக்கிச்சு. சண்டையில நிக்கிற சிப்பாய்க்கு மட்டும்தான் அந்தச் சலுகை. நீங்களும் நானும் பென்சில்ல எழுதினா, அது வெறும் வரைவு, அப்புறம் யோசிச்சு நல்லா எழுத நினைச்சிருக்காங்கன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. அதனால வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் அளவாகச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரு தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள், சொந்தச் சம்பாத்தியத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கியவள். அந்த வீட்டில் அவளோடு நெட்டையும் இருந்தாள். நெட்டை கண்ணாடிக்கடையில் பார்வை சோதித்துச் சொல்கிறவள். வாசலில் குனியாமல் நுழைந்தால் தலையில் இடிக்கும், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து வாழ ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வீட்டில் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. அக்கா தங்கை இருவருக்கும் மூத்த அண்ணன் மட்டும் நெட்டையைக் கடைசிவரை "வாடகைக்கு இருக்கிற பொண்ணு" என்றே சொல்லிவந்தான். பென்சிலக்காவுக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள்.

தங்கை நோய் முற்றி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். ஒரு மாலை, மருந்து வாங்க நெட்டை கீழே போயிருந்த நேரம் பார்த்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இப்பவே எழுதிடு. வீடு நெட்டைக்கு. அவ அங்கயே இருக்கணும். சும்மா விட்டா பாதி அண்ணனுக்குப் போகும், பாதி உனக்கு வரும். உன்னைப் பத்திக் கவலை இல்ல. அவன் மறுநாளே வித்துடுவான்."

பென்சிலக்கா தாதியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள். பையில் கையை விட்டாள், கைக்கு வந்ததைக்கொண்டு எழுதினாள். வாசகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எத்தனை உயில் படித்தவள்! தங்கை தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னக்கா, எழுத்தே கண்ணுக்குத் தெரியல. கொஞ்சம் அழுத்தி எழுதேன்."

"தெரியுதும்மா. நாளைக்கு அழகா எடுத்து எழுதிடறேன், இப்ப கையெழுத்துப் போடு."

தங்கை அதே பென்சிலால் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற இரண்டு தாதிகளும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் பென்சிலக்காவின் கை அந்தப் பேனாவைப் பிடுங்கத்தான் நீண்டது. சமாளித்துக்கொண்டாள். இது நம் அறை இல்லையே என்று அப்போது தோன்றியது. தன் கையில் இருப்பது என்ன என்று மட்டும் தோன்றவில்லை.

அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. விடிவதற்குள் தங்கை போய்விட்டாள்.

அண்ணன் வழக்குப் போட்டான். அவனுடைய வக்கீலுக்கு அதிகம் மெனக்கெடத் தேவையிருக்கவில்லை. காப்பகத்துக்கு ஒரு நடை வந்து தளபதியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அதையே நீதிமன்றத்தில் ஒப்பித்தார். நாளைக்கு எடுத்து எழுதுவதாகப் பேச்சு நடந்ததைத் தாதி உள்ளதை உள்ளபடி சொன்னாள். இது வரைவுதான், உயில் ஆகாது என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்ததும் அண்ணன் பென்சிலக்காவின் தோளில் தட்டினான்.

"நீ வாயைத் திறக்காம இருந்தே காரியத்தை முடிச்சிட்டியே! பாதி உனக்கும்தானே. நான்கூட உன்னை அசடுன்னு நினைச்சிருந்தேன்."

அவன் திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். அவன் பாராட்டினான். பென்சிலக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகையாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பேருந்து வந்தது, ஏறி உட்கார்ந்தாள்.

நெட்டை வீட்டைக் காலி செய்த அன்று பென்சிலக்கா உதவிக்குப் போனாள். அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த நெட்டை நிமிராமலே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. தெரிஞ்சுதான் பென்சில்ல எழுதினீங்களா?"

"இல்ல. கைப்பழக்கம்."

"தினம் தினம் ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அன்னிக்கு மட்டும் மறந்துபோச்சா?"

"மறக்கல. ஞாபகமே வரல."

"ரெண்டும் ஒண்ணுதானே."

பென்சிலக்கா தன் பாதியை நெட்டை பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள். நெட்டை பெட்டியை மூடி நாடா ஒட்டினாள்.

"உங்க பாதி எனக்கு வேணாம். அவ கொடுத்தது முழுசு."

வீடு விற்றுப்போனது. பென்சிலக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், தின்றாள், தூங்கினாள். தளபதியின் பெட்டிக்குப் பக்கத்தில் அதே வாசகத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். வேலையை விட்டுவிடலாமே என்று சிலர் ஜாடையாகக் கேட்டார்கள். விட்டுவிட்டு என்ன செய்வது? இங்கே இருந்தால் ஒன்றும் தோன்றாமலாவது இருந்தது.

நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் உயில்களும் கடைசியில் காப்பகத்துக்கே வந்து சேரும். அந்தக் கட்டும் ஒருநாள் வந்தது. பென்சிலக்கா அதைப் பிரித்தாள், மற்றவற்றைப் போலவே தாளின் ஓரத்தில் மெல்ல எண்ணிட்டாள், உறைக்குள் வைத்து அலமாரியில் சேர்த்தாள். கை வழக்கம்போலவே ஓடியது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் கப்பல் முதலாளியின் கட்டைக் கேட்டிருந்தார். பென்சிலக்கா குனிந்து உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். கீழே பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பேனா அவர் விரலிலேயே இருந்தது. பென்சிலக்காவின் கை நீண்டது, பேனாவை உருவித் தட்டில் போட்டது, பென்சிலைச் செருகியது. கண் உறைகளை விட்டு நகரவில்லை.

"அக்கா."

நிமிர்ந்தாள். நெட்டை நின்றிருந்தாள். அவள் தன் விரலில் முளைத்திருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்னு தெரிஞ்சுதான் இதைக் குடுத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்?"

நெட்டை பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இத்தனை மாதம் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

"அப்ப நிஜமாவே..." என்றாள். முடிக்கவில்லை.

பென்சிலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் எதைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. உறையை எடுத்துவந்து தாளை விரித்து வைத்தாள். நெட்டை குனிந்தாள், விளக்கை நகர்த்தினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிறவளுக்கு எழுத்துப் பிடிபடவில்லை.

"கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கலாமேக்கா."

"அவளும் இதைத்தான் சொன்னா."

பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலக்காவே வாசித்துக் காட்டினாள். வீடு நெட்டைக்கு. அவள் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். வாசிக்க வாசிக்க, அன்று கட்டிலில் கேட்ட குரலிலேயே அது அவள் காதில் விழுந்தது. கடைசி வரி வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. தங்கை போனபிறகு இதுதான் முதல் தடவை.

நெட்டை கையெழுத்தை நோக்கி விரலை நீட்டினாள். பென்சில் எழுத்து, தொட்டால் கலைந்துவிடும். பென்சிலக்காவின் கை தடுக்க எழுந்தது. தன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள்.